அசோபோஸ் கரையில் நிற்கிறவன்

இனோஃபிதா, கிரீஸ்
15 ஜூன் 2025

சௌந்தர்யா,

என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று வருஷமாகிறது. அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். அடுத்த வரியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

குடித்துவிட்டு எழுதவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

நான் வேலை செய்யும், தோல் பதனிடும் ஷாப்புக்கு ஞாயிறு விடுமுறை. என்னோடு தங்கியிருக்கும் அப்துல் ஹமீத், பாகிஸ்தான்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காய வயலுக்குக் கூலிக்குப் போவார். ஆம்பூர்த் தெருவில் நாம் பொறுக்கிய உருதுதான் எனக்கும் அவருக்கும் பாலம். அறையில் தனியாகக் கிடந்தால் தலைக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "சல் பாய், வெயிலுக்கு வா, சரியாப் போய்டும்" என்று கூட்டிப்போனார்.

மேற்கே வெகுதூரம் வேனில் போகவேண்டும். பிளாட்டியா என்று ஒரு கிராமம். பின்னால் பெரிய மலை, முன்னால் சமவெளி, நடுவில் அசோபோஸ் என்கிற ஆறு. அதே ஆறுதான் கீழே எங்கள் தொழிற்சாலைப் பக்கமும் வருகிறது. இங்கே வரும்போது அதன் நிறமும் வாடையும் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் பிறந்தவள் நீ. தோல் பதனிட ஊற்றும் குரோமியம் எந்த தேசத்து ஆற்றில் கலந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

போன மாதம் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். வயலின் மூலையில், உழாமல் விட்ட ஒரு துண்டு நிலத்தில், ஒருவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். வெள்ளை வேட்டி. தோளில் ஒரு துணி. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஈரத்தோல் சுமந்து சுமந்து மாப்பிள்ளைக்கு இறங்கியிருக்குமே, அந்தத் தோள்.

கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு நின்றேன். ஹமீத் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மறுபடி பார்த்தபோது அங்கே வெறும் புல்.

அதற்கடுத்த வாரமும் நின்றார். போன வாரமும் நின்றார். அசைவதில்லை. கிழக்கே பார்த்தபடி நிற்கிறார்.

பாலாற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோய் நாலாவது வருஷம் நடக்கிறது. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன் என்று என்னை விலக்கினாய். இதையும் உன்னிடம் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டால் அது இரண்டாவதாகிவிடும். அதனால் எழுதிவிட்டேன்.

புகழேந்தி


ஆம்பூர்
6 ஜூலை 2025

புகழேந்திக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருப்பதை எழுதுகிறேன். வெள்ளத்துக்கு மறுநாள் அவருடைய பைக் மட்டும் வேலமரத்தில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. ஷிப்ட் முடித்து தரைப்பாலத்தில் வந்தவரைக் காணோம். தீயணைப்புக்காரர்கள் தேடிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரியிலிருந்தே அவர் என் கனவில் வர ஆரம்பித்தார். தலையெல்லாம் நனைந்திருக்கும். என் எதிரில் உட்காருவார். நான் துவட்டிவிடுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. பகல் பூராவும் ஷூ கம்பெனியில் தையல் லைனைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து துவட்டுவதற்காகவே தூங்கினேன்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீயும் சித்தப்பாக்களும் ஆற்றங்கரையில் தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து, அதற்கு அவர் பெயர் வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டுப் புதைத்துவிட்டீர்கள். காரியம் செய்யாவிட்டால் ஆவி அலையும் என்று அத்தையிடம் சொன்னாயாம். அத்தை பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள், எதற்கும் தலையாட்டுவாள்.

அன்றிலிருந்து அவர் வரவில்லை. ஒரு தடவைகூட.

அலையட்டுமே. என்னிடம்தானே அலைந்தார். உனக்கு எங்கே வலித்தது?

இப்போது உன்னிடம் வந்து நிற்கிறார் என்கிறாய். கடல் தாண்டி, கிரீஸில், வெங்காயத் தோட்டத்தில். நீ சொல்வது பொய்யென்றால் உன்னைவிடக் கேடுகெட்டவன் யாரும் இல்லை. மெய்யென்றால் ஏன் உனக்கு? துரத்தியவனிடம் ஏன் வருகிறார்?

நனைந்திருக்கிறாரா? அதை மட்டும் எழுது.

சௌந்தர்யா


இனோஃபிதா
27 ஜூலை 2025

சௌந்தர்யா,

நனைந்திருக்கவில்லை. காய்ந்திருக்கிறார். துணியெல்லாம் புழுதி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இதைக் கேட்டபிறகு எனக்கே குழப்பமாக இருக்கிறது.

வயல் எலெனி என்கிற பெண்ணுடையது. ஐம்பது வயதிருக்கும். டிராக்டரைத் தானே ஓட்டுவாள். பேச்சு கம்மி, சிகரெட் ஜாஸ்தி. போன ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க ஆளுங்க இங்க முன்னாடியே வந்திருக்காங்க, தெரியுமா?" என்றாள்.

"வேலைக்கா? பஞ்சாபிகளா?" என்று கேட்டேன்.

"சண்டைக்கு. பாரசீக ராஜாவோட படையில."

என் அரைகுறை கிரேக்கத்தில் எனக்குப் புரிந்தவரை அவள் சொன்னது இது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செர்க்சஸ் என்ற பாரசீகப் பேரரசன் கிரேக்கர்களை அடக்கப் பெரும்படையோடு வந்தான். ஏதென்ஸ் நகரத்தைக் கொளுத்தினான். பிறகு கடல்சண்டையில் அவன் கப்பல்கள் நொறுங்கின. அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். தன் தளபதி மர்தோனியஸையும் ஒரு படையையும் இங்கே விட்டுப் போனான். ராஜாக்கள் எப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது. அந்தப் படையில் பாரசீகர்கள் மட்டும் இல்லை. அவன் ஆண்ட நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்களைத் திரட்டி நடத்திக்கொண்டு வந்திருந்தான். சிந்து நதிப் பக்கத்து வில்லாளிகளும் அதில் இருந்தார்கள். பருத்தித் துணி உடுத்தியவர்கள், நாணல் வில் வைத்திருந்தவர்கள் என்று பழைய வரலாற்றில் இருக்கிறதாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரசீகப் படை, இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கிரேக்கர்கள். முதலில் ஆற்றைத் தாண்டுகிறவன் தோற்பான் என்று இரண்டு பக்கத்துக் குறிசொல்லிகளும் சொன்னார்களாம். அதனால் ஒருவரும் தாண்டாமல் முறைத்துக்கொண்டே கிடந்தார்கள். கடைசியில் பாரசீகக் குதிரைக்காரர்கள், கிரேக்கர்கள் குடித்துக்கொண்டிருந்த ஊற்றைக் கெடுத்துத் தூர்த்துவிட்டார்கள். தாகம் தாங்காமல் கிரேக்கர்கள் இடம் மாறினார்கள். ஓடுகிறார்கள் என்று நினைத்து மர்தோனியஸ் ஆற்றைத் தாண்டினான். செத்தான். அதற்குப் பிறகு நடந்தது சண்டை இல்லை, வெட்டு. எலெனி அதைச் சொன்னபோது கிரேக்கர்கள் ஜெயித்த பெருமை அவள் குரலில் இல்லை. தன் வயலைப் பற்றிச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

குடிக்கிற தண்ணீரைக் கெடுப்பது போரில் ஒரு வழி என்று கேட்டபோது எனக்குத் தோல் கழிவு இறங்கிய நம்மூர்க் கிணறுகள் ஞாபகத்துக்கு வந்தன. நம்மிடம் யாரும் போர் என்று சொல்லக்கூட இல்லை.

கிரேக்கர்கள் தங்கள் ஆட்களை ஊர்வாரியாகக் கல்லறை கட்டிப் புதைத்தார்கள். எதிரிப் பிணங்கள் கிடந்தன. சதை போனபிறகு எலும்புகளை ஒரே இடத்தில் குவித்தார்களாம். மர்தோனியஸின் உடம்பு மறுநாளே காணாமல் போய்விட்டது. நான்தான் புதைத்தேன், நான்தான் புதைத்தேன் என்று பிற்பாடு பலபேர் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் யாரென்று இன்றுவரை தெரியாது.

எலெனியின் அப்பா ஒருதரம் அந்த மூலையை உழுதபோது எலும்பு வந்ததாம். திரும்ப மூடிவிட்டார். அதற்கப்புறம் அவர்கள் அங்கே கலப்பை வைப்பதில்லை.

"அங்க யாராச்சும் நிக்கிறத நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

"நான் பார்த்ததில்ல. எங்கம்மா அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து பார்க்கவே மாட்டாங்க" என்றாள். மேலே கேட்கவிடாமல் எழுந்து போய்விட்டாள்.

நான் பார்ப்பது மாப்பிள்ளையையா, வேறொருவனையா? தோள் அவருடையது. புழுதி அவருடையதில்லை. முகம் தெரியாமல் நான் என்ன சொல்வேன்?

புகழேந்தி


ஆம்பூர்
20 ஆகஸ்ட் 2025

அண்ணா,

எழுத உட்கார்ந்ததும் கை அப்படி எழுதிவிட்டது. இருக்கட்டும்.

நீ சொன்ன கதையில் எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் தளபதியின் உடம்பை யாரோ எடுத்துப் புதைத்தார்கள், பலபேர் நான் நான் என்றார்கள். அவன் பெண்டாட்டியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். உன்னைப்போல ஒருத்தன் அவளுக்கும் வாய்த்திருப்பான்.

அவர் அவர்தான். எனக்குத் தெரியும். புழுதியாக இருக்கிறார் என்றால் நடந்து போயிருக்கிறார். எவ்வளவு தூரம்! கிழக்கே பார்த்து நிற்கிறார் என்றால் வீட்டைப் பார்த்து நிற்கிறார். இதற்கு மேல் உனக்கு என்ன அடையாளம் வேண்டும்?

இங்கே ஒன்று நடந்தது. போன வாரம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். பாலாற்றில் ஆற்காட்டுப் பக்கம் தடுப்பணை வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்திருக்கிறதாம். வெள்ளத்தில் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெல்ட்டும் இருக்கிறதாம், அடையாளம் பார்க்க வரணுமாம்.

"ஜெயப்பிரகாஷ்ங்கறது உங்க வூட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"வெள்ளத்துல காணாமப் போனவரு?"

"இல்ல சார். வெளிநாட்ல இருக்காரு" என்றேன்.

அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "சார், இவ பேச்ச எடுத்துக்காதீங்க, நான் அவன் ஆத்தா, நான் வர்றேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. சமைக்கிறார்கள், என் தட்டில் வைக்கிறார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். தனியாக பஸ் ஏறிப் போக அவர்களுக்குத் தைரியம் இல்லை. கூட்டிப்போக எனக்கு மனசு இல்லை. அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது இங்கே யாருடைய எலும்புக்கோ நான் ஏன் போகவேண்டும்?

நீ ஒன்று செய். பேர் சொல்லிக் கூப்பிடு. நீ கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் கேள், நான் என்ன தப்புச் செய்தேன், ஏன் என்னிடம் வருவதில்லை என்று. அவர் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் எழுது.

சௌந்தர்யா


இனோஃபிதா
9 செப்டம்பர் 2025

பாப்பா,

கடிதம் கிடைத்தது. அந்தப் போலீஸ்காரரிடம் நீ சொன்ன பதிலைப் படித்தபிறகு, தோல் சுழற்றும் டிரம்மை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் முதல் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம்.

நான் கூப்பிடவில்லை. இரண்டு ஞாயிறாக வயலுக்கே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஹமீத் பாயிடம் சொன்னேன். பயம்தான். செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர் திரும்பிவிட்டால், பிறகு அவரை அங்கிருந்து அனுப்பி வைப்பது யார்?

நான் சொல்வதைக் கேள். அத்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போ. பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அது அவரில்லையென்றால் திரும்பி வந்துவிடு. துணைக்கு தபஸ்ஸும் வருவாள். அவள் உன்னோடு ஒரே லைனில் எத்தனை வருஷமாக வேலை செய்கிறாள், நீ கூப்பிட்டால் மாட்டேன் என்பாளா?

புகழேந்தி


ஆம்பூர்
28 செப்டம்பர் 2025

நீ கூப்பிடுகிறவரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன். அத்தை பட்டினி கிடக்கிறார்கள், அதற்கும் போகமாட்டேன். பொம்மையைப் புதைக்க இருந்த தைரியம் கூப்பிட ஏன் இல்லை?

சௌ.


இனோஃபிதா
19 அக்டோபர் 2025

பாப்பா,

போய்விட்டு வந்தேன். உட்கார்ந்து படி.

அறுவடையெல்லாம் முடிந்துவிட்டது. முதல் மழை பெய்ததும் வயலை உழுதுபோட்டிருந்தார்கள். கூலிவேலை இல்லாததால் வேன் இல்லை. தீவா நகரம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஹமீத் பாய் யாரிடமோ கேட்டு வாங்கிய ஸ்கூட்டரில் போனோம். "நீ இன்னா தேடறேன்னு எனக்குத் தெரியாது பாய். ஆனா தனியா விடமாட்டேன்" என்றார். வயலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்றுகொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அதே மூலை, அதே முதுகு. சுற்றிலும் உழுத மண் கருப்பாக இருக்க அந்தத் துண்டில் மட்டும் காய்ந்த புல். நான் இவ்வளவு நெருக்கத்தில் அதுவரை போனதில்லை. எட்டிக் கையை வைத்தால் தோளில் படும்.

"ஜேபி" என்றேன். திரும்பவில்லை.

"ஜெயப்பிரகாஷ்" என்று முழுப்பேரும் சொன்னேன். ரிஜிஸ்டரில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை.

அப்புறம் குரல் உடைந்து, "மாப்ளே, சௌந்தரி கேக்கறா, வீட்டுக்கு ஏன் வர்றதில்லன்னு" என்றேன். உன் பேரைச் சொன்னபிறகும் அந்த முதுகு அசையவில்லை. பாப்பா, உன் பேரைக் கேட்டால் மாப்பிள்ளை தோல் ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்ப்பார். உனக்குத் தெரியும்.

எனக்குத் தாகமெடுத்தது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பினான்.

மாப்பிள்ளை இல்லை.

சின்னப் பையன் என்று சொல்லலாம், இருபது இருபத்திரண்டு. காதில் வளையம். கண்ணிமை முடியெல்லாம் புழுதி அப்பியிருந்தது. தோளில் நான் துணியென்று நினைத்தது துணிதான். அதற்கு அடியில் நீளமாக ஒரு நாணல் வில், நாண் இல்லாமல். அதன் கனத்தில்தான் தோள் இறங்கியிருந்தது. அந்த முகம் நம்மூர் முகமில்லை. ஆனால் சோளிங்கர் கோயில் மலைப் படிக்கட்டில் கும்பலோடு ஏறிவந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அப்படி ஒரு முகம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தான். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனான்.

நான் ஊற்றினேன். தண்ணீர் அவன் கைக்குள் நிற்கவில்லை, நேராக மண்ணில் விழுந்தது. அவன் குனிந்து குடித்துக்கொண்டே இருந்தான். பாட்டில் காலியாகிற வரைக்கும் ஊற்றினேன். ஒரு சொட்டு வழிந்து ஓடவில்லை, அவ்வளவையும் மண் இழுத்துக்கொண்டது. கடைசியாக அவன் ஏதோ சொன்னான். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அந்த பாஷை தெரியாது. நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

திரும்பி வந்து ஹமீத் பாயிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "சிந்துப் பக்கமா? அப்போ அவன் எங்க ஊர்ப் பையன்டா" என்றார். தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத அந்த மூலைக்குப் போய், அவரும் ஊற்றிவிட்டு வந்தார். பெரிய ஆள், கண்ணீரில் தாடியெல்லாம் நனைந்துபோயிற்று.

மாப்பிள்ளை இங்கே இல்லை, பாப்பா. ஒருநாளும் இருக்கவில்லை. அவர் பாலாற்றை விட்டு எங்கேயும் போகவில்லை. நான் புதைத்தது வெறும் புல். செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இந்தப் பையனுக்கு அந்தப் புல்லைக்கூட யாரும் வைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு ராஜா கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனான். இவன் இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

போய்ப் பார். என்னிடம்தானே அலைந்தார் என்று நீதானே எழுதினாய்.

புகழேந்தி


ஆம்பூர்
18 ஜனவரி 2026

அண்ணா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுதுமுன் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவேண்டியிருந்தது.

அதைப் படித்த அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் பொம்மையைப் புதைத்தபோதுகூட வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. 'வருவார், பொறு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஆயுசுக்கும் நம்பியிருப்பேன். கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட எடுத்துக்கொண்டு போனேன். அத்தை அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கை வேறு பக்கம் போய்விட்டது. எல்லாக் கடிதத்தையும் எடுத்துவந்து முதலிலிருந்து அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும், "தண்ணி குட்ச்சானா அந்தப் புள்ள?" என்றார்கள். குடித்தான் என்றேன். "சரி, கெளம்பு" என்றார்கள். அவ்வளவுதான்.

தபஸ்ஸும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஸ்டேஷனில் ஒரு மேஜைமேல் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து வைத்தார்கள். பெல்ட் மட்டும்தான் இருந்தது, எலும்பெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தது. நாலு வருஷம் ஆற்றுமண்ணில் கிடந்த தோல். நிறம் போய், விறைத்து, ஆனால் அழுகாமல் இருந்தது. நம் ஊரையே அழித்த அந்த குரோமியம்தான் அதை அழுகவிடாமல் வைத்திருந்தது. புரட்டிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் கம்பெனி வேஸ்ட் தோலில் நானே தைத்துக்கொடுத்தது. இடுப்புக்குத் தளர்கிறது என்று ஆணியால் குத்தி ஓட்டை ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தார், கோணலாக. அந்தக் கோணல் ஓட்டையில் என் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன்.

"உங்க வூட்டுக்காரருதாம்மா?" என்று அதே போலீஸ்காரர் கேட்டார்.

"ஆமா சார். வெளிநாட்ல இல்ல. இங்கதான் இருந்திருக்காரு" என்றேன்.

அவர் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டி.என்.ஏ. சோதனைக்கு அத்தையிடம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர மார்கழி ஆகிவிட்டது. அவர்தான். ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை, அண்ணா. என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஈரத்தோல் கட்டைத் தனியாளாகத் தூக்கிய மனுஷன். ஆட்டோவில் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது அத்தை, "இங்க குடு, உனக்கு வெச்சுக்கத் தெரியல" என்று வாங்கி மடியில் போட்டு, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஆம்பூர் வரைக்கும், தாலாட்டுகிற மாதிரி, அவர்கள் கால் ஆடிக்கொண்டே வந்தது. தபஸ்ஸும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரியத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை. இந்தத் தடவை நான் செய்யவேண்டியிருந்தது. பொம்பள செய்யக்கூடாது என்று சித்தப்பா சொன்னார். நான் போய் ஆற்றில் இறங்கினேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. காரியம் செய்துவைக்கிற ரத்தினசாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கைய நீட்டும்மா" என்றார். எள்ளும் தண்ணீரும் நானே விட்டேன். அவர் பேரை நானே சொன்னேன். அழுகை வரவில்லை.

முடிந்து ரத்தினசாமி பாத்திரத்தைக் கழுவப் போனபோது, "இன்னும் ஒரு ஆளுக்கு விடணும்" என்றேன்.

"யாருக்கு?"

"வெளியூர்ல செத்துப்போன ஒருத்தருக்கு."

"பேரு?"

"தெரியாது."

"ஊராச்சும் தெரியுமா?"

"சிந்து ஆத்துப் பக்கம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். காய்ச்சலில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். "பேரும் தெரியாது, ஊரும் சரியாத் தெரியாது. இன்னா உறவும்மா, அதையாச்சும் சொல்லு. யாருக்குன்னு நான் சொல்லி விடறது?"

என்ன உறவு? கரையில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார்கள்.

"ஏன்யா அவள பேஜார் பண்ற? ஏம் புள்ளைன்னு சொல்லு."

"உனுக்கு ஒரே புள்ளதானம்மா?"

"ரெண்டு. மூத்தவன் சண்டைக்குப் போய்ட்டான். சொல்லி வுடு."

ரத்தினசாமி அப்படியே சொன்னார். இந்தத் தடவை அத்தை கையை நீட்டினார்கள், நான் ஊற்றினேன்.

திரும்பி நடந்து வரும்போது அத்தை வழியில் நின்றுவிட்டார்கள். மூச்சு வாங்குகிறதோ என்று பிடித்துக்கொண்டேன். அது இல்லை.

"சவுந்தரம், எனக்காச்சும் பெல்ட்டு கெடச்சுது, துணியில முடிஞ்சு குடுத்தாங்க. அந்தப் பையனோட ஆத்தாளுக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவள் எத்தனை வருஷம் வாசலைப் பார்த்திருப்பாளோ. செத்துப்போன அன்றைக்கும் பார்த்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டோம். வெள்ளம் வந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முதலில் அவளுக்காகத்தான் அழுதோம், அண்ணா. ரொம்ப நேரம் கழித்துத்தான் எங்களுக்காக அழுதோம்.

சௌந்தர்யா